ஷின்கான்சென் நிலையத்தில் அவசர ஆபீஸ்: பலரும் சறுக்கும் இடங்கள்

டோக்கியோவிலோ ஒசாகாவிலோ ஐ.டி. வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இந்த இக்கட்டு புதிதல்ல. ஷின்கான்சென் எனும் புல்லட் ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். நடுவில் சென்னை டீமோடு ஒரு ஆன்லைன் கால். காபிக் கடையில் இடம் கிடைக்காது, கிடைத்தாலும் அங்கே உட்கார்ந்து பேச முடியாது. அந்த நேரத்தில் கைகொடுப்பவைதான் நிலையத்துக்குள் வரிசையாக நிற்கும் ஒற்றை ஆள் அறைகள். ஜே.ஆர். ஈஸ்ட் ரயில் நிறுவனம் 2019-இல் 'ஸ்டேஷன் ஒர்க்' என்ற பெயரில் இவற்றை ஆரம்பித்தது. அடுத்த ஆண்டே டோக்கியோ மெட்ரோ நிலையங்களில் 'கோகோ டெஸ்க்' வந்தது. டோக்கியோ–ஒசாகா ஷின்கான்சென் ஓட்டும் ஜே.ஆர். சென்ட்ரல் பின்னால் 'எக்ஸ்பிரஸ் ஒர்க்' என்று தன் பங்குக்குத் திறந்தது. செயலியில் பதிவு, சுய்கா அட்டையோ கியூ.ஆர். குறியீடோ காட்டினால் கதவு திறக்கும், 15 நிமிடக் கணக்கில் காசு. இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் யாரும் யோசிக்காமல் எடுத்துவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் சறுக்கல், அறை டிக்கெட் கேட்டுக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பார்க்காதது. செயலி 'டோக்கியோ நிலையம்' என்று காட்டும். ஆனால் அந்த நிலையம் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல வேலிகள் போட்ட இடம். சாதாரண ஜே.ஆர். ரயில்களுக்கு ஒரு கேட். அதைத் தாண்டி ஷின்கான்செனுக்குத் தனி கேட். ஷின்கான்செனிலும் ஜே.ஆர். சென்ட்ரலுக்கு ஒன்று, வடக்கே போகும் ஜே.ஆர். ஈஸ்டுக்கு வேறொன்று. நடுவில் உள்ள வேலிக்குள் இருக்கும் அறையை எடுத்துவிட்டு வெளியே நின்று முழிப்பது சர்வ சாதாரணம்.

இதில் ஸ்மார்ட் இஎக்ஸ் என்ற ஆன்லைன் சேவையில் டிக்கெட் எடுத்தவர்களுக்குக் கூடுதல் குழப்பம். அந்த டிக்கெட் ஷின்கான்சென் கேட்டிலிருந்து ஷின்கான்சென் கேட் வரைக்கும்தான். சாதாரண ரயில் பகுதி அதில் சேராது. "டிக்கெட்தான் இருக்கிறதே, அந்த அறைக்குப் போய்விட்டு வரலாம்" என்ற கணக்கு அங்கே எடுபடாது. ரயில் ஏறாமல் உள்ளே போய் அதே நிலையத்தில் வெளியே வர ஜே.ஆர். ஈஸ்டில் நுழைவுச் சீட்டு உண்டு, சுய்காவைத் தொட்டும் போகலாம். இரண்டுக்கும் வரம்பு இரண்டு மணி நேரம். பேச்சு இழுத்துக்கொண்டே போனால் அறைக் கட்டணத்தோடு இதுவும் ஏறும்.

நிஷி கசாயில் இருக்கும் நம் ஆட்கள் எத்தனையோ பேர். அவர்கள் மெட்ரோவின் தோசாய் லைனில் ஒதேமாச்சியில் இறங்கி, சுரங்க நடைபாதை வழியாக டோக்கியோ நிலையத்தின் மருனோஉச்சி பக்கம் வந்து சேர்வார்கள். ஷின்கான்சென் தண்டவாளங்களோ நேர் எதிரே, யாயேசு பக்கம். மருனோஉச்சியில் கேட்டுக்கு வெளியே அறை எடுத்தால் பேசி முடித்த பிறகு முழு நிலையத்தையும் கடந்து வரவேண்டும், அதுவும் மாலை ஆறு மணிக் கூட்டத்தில், பெட்டியை இழுத்துக்கொண்டு. மெட்ரோவில் வருகிறவர்கள் யாயேசு பக்கத்தில், கேட்டுக்கு வெளியே எடுப்பதே நல்லது. இன்னும் ஒன்று: ஜே.ஆர். சென்ட்ரலின் எல்லா ஷின்கான்சென் ரயில்களும் அடுத்த நிலையமான ஷினகாவாவிலும் நிற்கின்றன. ஆபீஸ் ஷினகாவா பக்கம் என்றால் டோக்கியோ நிலையம் வரை போகவே வேண்டாம். பழக்கதோஷத்தில் அங்கே ஓடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

அடுத்தது நேரம். ஜப்பான் இந்தியாவைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் போகிறது. இந்தியாவில் மாலை 4.30 என்று வரும் அழைப்பு இங்கே இரவு 8 மணி. டோக்கியோவிலிருந்து ஒசாகாவின் ஷின்கான்சென் நிலையமான ஷின்-ஒசாகாவுக்குக் கடைசி நொசோமி (அதிவேக ஷின்கான்சென் வண்டி) இரவு 9.24. ஒரு மணி நேரக் கூட்டம் ஒரு மணி நேரத்தில் முடிந்தால் 24 நிமிடம் மிஞ்சும். நம் கூட்டங்கள் எப்போது சொன்ன நேரத்துக்கு முடிந்திருக்கின்றன? "ஒரே ஒரு விஷயம்" என்று யாராவது ஆரம்பித்தால் போச்சு. நள்ளிரவிலிருந்து காலை ஆறு வரை ஷின்கான்சென் ஓடாது. கடைசி வண்டியை விட்டால் ஹோட்டல் தேடவேண்டியதுதான்.

அறையின் நேரமும் ரப்பர் மாதிரி இழுபடாது. உங்களுக்குப் பிறகு வேறொருவர் பதிவு செய்திருந்தால் நீட்டிக்க வழியில்லை. மாலையில், குறிப்பாக வெள்ளிக்கிழமை, அடுத்த ஆள் இருப்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு முன்னால் கால் மணி, பின்னால் கால் மணி சேர்த்தே எடுங்கள். அந்தக் கூடுதல் காசுக்குக் கணக்குப் பார்த்து, மானேஜர் பேசிக்கொண்டிருக்கும்போது கதவுக்கு வெளியே ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தாங்குவது யாருக்கு வேண்டும்?

நேரத்தோடு டிக்கெட்டின் வகையும் பின்னிக்கிடக்கிறது. ஸ்மார்ட் இஎக்ஸில் எடுத்த சாதாரண ரிசர்வ் டிக்கெட்டை, வண்டி புறப்படும் முன் எத்தனை முறை வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் வேறு வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். நொசோமி நெரிசல் நேரத்தில் மணிக்குப் பத்துக்கும் மேல் ஓடுவதால் அடுத்த வண்டி பிடிப்பது பெரிய விஷயமில்லை. கூட்டம் நீளும் என்று தெரிந்த உடனே, பேசிக்கொண்டே மாற்றிவிடுங்கள். தவறவிட்டாலும் அதே நாளில் பின்னால் வரும் வண்டியின் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறலாம். ஆனால் 'ஹாயாதோகு' என்ற முன்கூட்டிய தள்ளுபடி டிக்கெட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. வண்டி போனால் பணமும் போனது. மீட்டிங் இருக்கும் நாளில் அந்த மலிவு டிக்கெட்டைத் தொடாதீர்கள். புத்தாண்டு, கோல்டன் வீக், ஒபோன் விடுமுறை நெரிசலில் நொசோமி முழுவதும் ரிசர்வ் பெட்டிகளாகிவிடும். 2023 டிசம்பரிலிருந்து இதுதான் நடைமுறை. அப்போது வண்டியை விட்டவருக்கு உட்கார இடம் நிச்சயமில்லை.

இனி அறைக்குள். நம்மவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு: தமிழில் பேசினால் யாருக்கும் புரியாது. "அந்த புரொடக்‌ஷன் சர்வர் பாஸ்வேர்டு என்னடா மச்சி?" என்று கேட்டால் அதில் எத்தனை சொல் தமிழ்? வாடிக்கையாளர் கம்பெனியின் பெயர் ஜப்பானியப் பெயர். அதை எந்த மொழிக்கு நடுவில் சொன்னாலும் வெளியே நிற்பவர் காதில் தெளிவாக விழும். அறைகள் சத்தத்தைக் குறைக்கும், அடைத்துவிடாது. காற்று போய்வர வழி விட்டிருப்பதால் உரக்கப் பேசினால் வெளியே கேட்கும். ஹெட்செட் போட்டுக்கொண்டால் நம் குரல் நமக்கே தெரியாமல் உயர்ந்துவிடும். ஒரு காதை மட்டும் மூடிப் பேசிப் பாருங்கள், தானாகவே குரல் இறங்கும்.

காதைப் போலவே கண்ணும். கதவு கண்ணாடி. உட்கார்ந்ததும் உங்கள் திரை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். சில அறைகளில் திரை கதவைப் பார்த்தபடி இருக்கும். நீங்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பீர்கள், பின்னால் நடமாடும் கூட்டத்துக்கு உங்கள் எக்செல் ஷீட் விளம்பரப் பலகையாக ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டேஷன் ஒர்க் அறைகளில் பெரிய மானிட்டர் வேறு வைத்திருக்கிறார்கள். ஆசையாக அதில் இணைக்கும் முன் இதை யோசியுங்கள். லேப்டாப்பில் ஒட்டும் மறைப்புப் படலம் பெரிய மானிட்டரைக் காப்பாற்றாது.

பிளக் விஷயம் சின்னதுதான், ஆனால் சென்னையிலிருந்து வாரப் பயணமாக வந்தவர்களை அதிகம் படுத்துவது அதுதான். இங்கே 100 வோல்ட், தட்டையான இரண்டு முள் துளை. லேப்டாப் சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், அதில் பயமில்லை. நம் உருண்டை முள்தான் உள்ளே போகாது. அமெரிக்காவில் வாங்கிய மூன்று முள் பிளக்கும் பல இடங்களில் நுழையாது. இரண்டு முள் அடாப்டர் ஒன்றும், மானிட்டருக்கு எச்.டி.எம்.ஐ. மாற்றி ஒன்றும் பையிலேயே கிடக்கட்டும். கம்பெனி வி.பி.என். அறையின் வைஃபையில் முரண்டு பிடித்தால் போனின் ஹாட்ஸ்பாட் போதும். அதைக் கூட்டம் ஆரம்பித்த பிறகு கண்டுபிடிக்காதீர்கள்.

பெரிய பெட்டியோடு வராதீர்கள். ஆளும் மேசையும் போக அறையில் மிச்சம் கொஞ்சம்தான். நம் ஊர் விமானப் பயணப் பெட்டியை உள்ளே தள்ளினால் கால் வைக்க இடமிருக்காது. வெளியே விட்டுவிட்டுப் பேசுவதும் சரியல்ல. லாக்கரில் போடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால், ஜே.ஆர். சென்ட்ரல் வண்டியில் அதற்கென்று உள்ள இருக்கையை முன்பதிவு செய்யவேண்டும். இல்லாவிட்டால் 1,000 யென் கட்டணம். இது 2020 மே மாதத்திலிருந்து இருக்கிறது. நிலையத்தில் வாங்கிய எகிபென் சாப்பாட்டு டப்பாவையும் அறைக்குள் பிரிக்கவேண்டாம், அடுத்து வருகிறவர் அந்த மணத்தில்தான் உட்காரவேண்டும். வண்டியில் சாப்பிடலாம், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு, தட்டச்சு வேலைக்காக அறை எடுப்பது. ரிப்போர்ட் எழுத, புரோகிராம் கோடு பார்க்க, மெயில் தட்ட இவ்வளவு காசு கொடுத்து நாலு சுவருக்குள் உட்காரத் தேவையில்லை. டோக்கியோவிலிருந்து ஷின்-ஒசாகாவுக்கு நொசோமி இரண்டரை மணி நேரம் ஓடுகிறது, மடக்கு மேசையும் பிளக்கும் அங்கேயே இருக்கின்றன. வாயால் செய்யவேண்டிய வேலைக்கு அறை, விரலால் செய்யவேண்டிய வேலைக்கு வண்டி என்று பிரித்துக்கொண்டால் செலவு பாதியாகும். 2021 அக்டோபரிலிருந்து நொசோமியின் 7-ஆம் பெட்டி 'எஸ் ஒர்க்' பெட்டி. அங்கே விசைப்பலகைச் சத்தத்துக்கு யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள், இருக்கையிலேயே ஆன்லைன் கூட்டத்திலும் பேசலாம். புதிய என்700எஸ் வண்டிகளில் சில வரிசைகளில் நடு சீட்டைத் தடுப்பாக்கி, கூடுதல் காசுக்கு முழங்கையை நீட்ட இடம் தருகிறார்கள். பலர் டிக்கெட் ஜன்னலில் போய் இந்தப் பெட்டியைக் கேட்டு ஏமாந்து வருகிறார்கள். ஸ்மார்ட் இஎக்ஸ் மாதிரியான ஆன்லைன் சேவையில் மட்டுமே அது கிடைக்கும். ரகசியப் பேச்சுக்கு மட்டும் அந்தப் பெட்டி ஆகாது, சுற்றிலும் உங்களைப் போன்ற ஐ.டி. ஆட்களே உட்கார்ந்திருப்பார்கள்.

மிச்சம் ரசீதுதான். சொந்த கிரெடிட் கார்டில் எடுத்துவிட்டு மாதக் கடைசியில் அக்கவுண்ட்ஸில் நிற்கும்போது, வரிப் பதிவு எண் உள்ள ரசீது எங்கே என்று கேட்பார்கள். 2023 அக்டோபரில் இன்வாய்ஸ் முறை மாறியதிலிருந்து வெறும் கார்டு பட்டியலைப் பல கம்பெனிகள் ஏற்பதில்லை. அறையை விட்டுக் கிளம்பியதும் செயலியிலிருந்து ரசீதை இறக்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன், உங்கள் கம்பெனி இந்தச் சேவைகளில் ஏற்கெனவே நிறுவனக் கணக்கு வைத்திருக்கிறதா என்று அட்மினைக் கேட்டுவிடுங்கள். வைத்திருந்தால் உங்கள் கார்டை நீட்டவே வேண்டியதில்லை.