உயிரியல் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் முன்

தில்லியில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியராக நான் முதன்முறை ஐந்தாம் வகுப்பைத் தேசிய உயிரியல் பூங்காவுக்கு அழைத்துச் சென்றபோது, நாற்பது விலங்குகளின் பெயர்களை அச்சிட்டு, பார்த்ததும் குறியிடும்படி ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். மதியத்துக்குள் எல்லாத் தாள்களும் நிறைந்துவிட்டன. திரும்பும் வழியில் பேருந்தில் ஒரு பையனிடம் கரடி என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டேன். "கரடியைப் பார்க்கலை மிஸ், போர்டைப் பார்த்தேன்" என்றான். தவறு அவனுடையது அன்று, என் தாளுடையது. அதன்பின் ஒரு பயணத்துக்கு ஐந்து இடங்களுக்கு மேல் நான் வைத்துக்கொள்வதில்லை. 176 ஏக்கர் பரப்புள்ள ஓரிடத்தை ஒன்பது வயதுப் பிள்ளைகள் ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

முதல் வேலை நாளைத் தேர்ந்தெடுப்பது. பூங்காவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தசரா விடுமுறைக்கும் தீபாவளிக்கும் இடைப்பட்ட நாட்கள் மிக ஏற்றவை. தீபாவளிக்குப் பின் காற்று மாசு மிகுந்து பள்ளிகளையே மூடும்படி உத்தரவு வரக்கூடும், டிசம்பர் இறுதியில் மூடுபனி வந்துவிடும். அக்டோபரில் இயலாதென்றால் பிப்ரவரியைக் கொள்ளலாம். பறவைக் காய்ச்சல் காரணமாக 2016, 2025 ஆகிய ஆண்டுகளில் பூங்காவைப் பல வாரங்கள் மூட நேர்ந்தது என்பதால், மாற்று நாள் ஒன்றைப் பெற்றோருக்கு அனுப்பும் முதல் கடிதத்திலேயே குறித்துவிடுவது நல்லது. பள்ளிக் குழுவுக்கான கட்டணம், பேருந்து நிறுத்துமிடம், உள்ளே எவற்றைக் கொண்டுசெல்லக் கூடாது ஆகிய மூன்றையும் பூங்கா அலுவலகத்தில் நேரடியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, பிள்ளைகள் இல்லாமல் ஆசிரியர் ஒருமுறை சென்றுவருவது. இதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள், நானும் தவிர்த்திருக்கிறேன். எந்தக் கழிப்பறை திறந்திருக்கிறது, நாற்பது பேர் நிழலில் உட்கார எங்கே இடமிருக்கிறது, எந்தத் திருப்பத்தில் குழு சிதறும் என்பனவெல்லாம் வரைபடத்தில் தெரியமாட்டா. ஐந்து இடங்களையும் அன்றே முடிவு செய்து, நடக்கும் வரிசையையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு வகுப்பறையில் செய்யவேண்டியவை தொடங்குகின்றன. உண்மையான ஆயத்தம் இதுவே என்பேன். பிள்ளைகளுக்குப் பார்க்கத் தெரியும், ஆனால் ஒன்றையே ஐந்து நிமிடம் பார்க்கும் பழக்கம் இல்லை. அதற்கு அணிலைவிட நல்ல ஆசான் இல்லை. பள்ளி மைதானத்து வேப்பமரத்தடியில் பிள்ளைகளைப் பேசாமல் உட்காரவைத்து, அணிலின் முதுகில் எத்தனை கோடுகள் என்று எண்ணச் சொல்லுங்கள். இராமர் மூன்று விரலால் தடவிய கதை வீட்டிலேயே சொல்லப்பட்டிருப்பதால், எண்ணாமலே மூன்று என்று கத்துவார்கள். இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். முதுகின் மேலே தெளிவாக மூன்று கோடுகளும், விலாப்பக்கம் இருபுறமும் மங்கலாக ஒவ்வொன்றும் தெரியும். வட இந்தியாவில் பரவலாகக் காணப்படுவது ஐந்து வரி அணில், தமிழ்நாட்டில் நம் முற்றத்தில் ஓடுவது மூன்று வரி அணில், இரண்டும் வெவ்வேறு இனங்கள். சென்ற ஆண்டு ஒரு சிறுமி, "அப்போ தில்லிக்கு வந்தப்ப ராமர் அஞ்சு விரலாலயும் தடவினாரா மிஸ்?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. ஆனால், அந்த மங்கலான கோட்டைத் தானே கண்டுபிடித்த பிள்ளை, கூண்டருகே நின்றாலும் போர்டைப் பார்த்துக் குறியிடுவதோடு நின்றுவிடாது.

இரண்டாம் நாள் சொற்களுக்கு. தமிழில் கொம்பு என்ற ஒரே சொல்லால் நாம் நான்கு வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறோம் என்பதைக் கரும்பலகையில் படம் வரைந்து காட்டலாம். புள்ளிமானுக்கும் கடமானுக்கும் இருக்கும் கிளைத்த கொம்பு எலும்பால் ஆனது, குறித்த காலத்தில் உதிர்ந்து மீண்டும் முளைப்பது, வளரும்போது வெல்வெட் போன்ற தோல் அதைப் போர்த்தியிருக்கும். வெளிமானின் முறுக்குக் கொம்பு உதிர்வதில்லை, எலும்பின் மேல் நகத்தைப் போன்ற பொருள் உறையாக மூடியிருக்கும். காண்டாமிருகத்தின் கொம்பில் எலும்பே கிடையாது, முழுவதும் அந்த நகப் பொருள்தான். கொம்பன் யானை என்று ஊரில் சொல்கிறோமே, அந்தக் கொம்போ பல். இதைக் கேட்ட பிள்ளைகள் மான் கொட்டில்களைக் கடந்து புலியை நோக்கி ஓடுவதில்லை, எந்தக் கிடாயின் கொம்பில் இன்னும் தோல் ஒட்டியிருக்கிறது என்று தேடுகிறார்கள்.

வெள்ளைப் புலியைப் பற்றி முன்பே பேசிவிடுங்கள், ஏனெனில் அங்கே கூட்டத்தில் பேச முடியாது. அது தனி இனம் அன்று, மரபணுவில் இயற்கையாக நேர்ந்த ஒரு மாற்றத்தால் நிறம் குறைந்த வங்கப் புலியே. 1951இல் இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள ரீவா காட்டில் பிடிக்கப்பட்ட மோகன் என்ற குட்டியின் வழியில் வந்தவையே காட்சியில் உள்ள வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டதால் குறைபாடுகளும் வந்தன என்பதை ஐந்தாம் வகுப்புக்குச் சொல்லலாம், மூன்றாம் வகுப்புக்கு வேண்டாம்.

ஐந்து இடங்களில் ஒன்றாகக் குளக்கரையை வைத்தே தீர வேண்டும் என்பது என் பிடிவாதம். மஞ்சள் மூக்கு நாரைகள் 1960 முதல் இந்தப் பூங்காவின் குளத்துத் திட்டுகளில் உள்ள மரங்களில் தாமாக வந்து கூடு கட்டுகின்றன. அவற்றை யாரும் பிடித்துவந்து அடைக்கவில்லை. ஆகஸ்டு வாக்கில் வரத் தொடங்கும், அக்டோபரில் கூடுகளில் குஞ்சுகள் இருக்கும். வெயில் ஏறும்போது தாயோ தந்தையோ இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடிப்பதையும், விழுங்கிவந்த மீனைக் கூட்டில் கக்கிக் கொடுப்பதையும் பத்து நிமிடம் நின்றால் பார்த்துவிடலாம். இரண்டு பைனாகுலர்கள் போதும், ஆளுக்கு அரை நிமிடம் வரிசையில் கொடுக்கலாம். இதே நாரை வேடந்தாங்கலுக்கும் வருகிறது, ஆனால் அங்கே வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகுதான் கூடு கட்டும். குளம் நிறைந்து மீன் பெருகும் காலத்தில் குஞ்சுகள் வளரவேண்டும் என்பதால், தில்லி நாரை தென்மேற்குப் பருவமழையைப் பார்க்கிறது, நம் ஊர் நாரை ஐப்பசி மழையைப் பார்க்கிறது.

பெற்றோருக்கான கடிதத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒப்புதல் கையொப்பம் பெறுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் இன்ஹேலர் ஆசிரியரின் பையில் ஒன்று, பிள்ளையிடம் ஒன்று என இரண்டாக இருக்கட்டும். கழுத்தில் தொங்கும் அட்டையில் பள்ளியின் பெயரும் ஆசிரியரின் கைபேசி எண்ணும் மட்டும் போதும், பிள்ளையின் பெயரை வெளியே தெரியும்படி எழுதக் கூடாது, ஏனெனில் பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்நியரைப் பிள்ளைகள் எளிதில் நம்பிவிடுவார்கள். எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள், துணைக்கு வரும் அம்மாக்களிடம் அவரவர் பிள்ளை இருக்கும் குழுவைக் கொடுக்காதீர்கள். தயிர் சாதமோ இட்லியோ பேருந்தில் ஏறும் முன்பே பள்ளியில் முடிந்துவிட வேண்டும். தில்லிக் குரங்குகளுக்குச் சிப்ஸ் பொட்டலத்தின் சத்தம் நன்றாகத் தெரியும்.

விதிகளைக் கடைசியாகச் சொல்லுங்கள், ஆனால் காரணத்தோடு சொல்லுங்கள். விலங்குகளைச் சீண்டுவதும், அவற்றுக்குத் தீனி போடுவதும், கூச்சலிட்டு அமைதியைக் குலைப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படியே தடைசெய்யப்பட்டவை என்று கேட்டதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். இங்கே பெரிய விலங்குகள் பலவற்றுக்கும் பார்வையாளர்களுக்கும் இடையே கம்பிகள் இல்லை, ஆழமான அகழிதான் இருக்கிறது. பார்வையை மறைக்காத அந்த அமைப்பு அழகானது, அதனாலேயே சுவரின் மேல் ஏறிப் பார்க்கும் ஆசையையும் தருகிறது. 2014இல் ஓர் இளைஞர் வெள்ளைப் புலியின் அகழிக்குள் விழுந்து உயிரிழந்தார். இச்செய்தியைப் பிள்ளைகளிடம் நான் விவரிப்பதில்லை, துணைக்கு வரும் பெரியவர்களிடம் மட்டும் சொல்லி, செல்ஃபிக்காக யாரையும் சுவரில் தூக்கி வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்று காலை பூங்கா திறக்கும் நேரத்துக்கே வாயிலில் இருங்கள். உச்சி வெயிலில் சிங்கம் தூங்கும், பிள்ளைகளும் சிணுங்குவார்கள். உள்ளே நுழைந்ததும், ஒவ்வோர் இடத்தை விட்டுக் கிளம்பும்போதும், பேருந்தில் ஏறிய பின்னும் தலைகளை எண்ணுங்கள். எழுதும் தாள் எதுவும் கையில் வேண்டாம். மறுநாள் வகுப்பில் நினைவிலிருந்து ஒரே ஒரு விலங்கை வரையச் சொல்லுங்கள். அதன் பிறகு ஆளுக்கோர் அஞ்சலட்டை கொடுத்து, ஊரிலிருக்கும் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ தமிழில் நான்கு வரி எழுத வையுங்கள். இங்கே நாரைக் குஞ்சுகள் இறக்கை விரித்துப் பழகுகின்றன, உங்கள் ஏரிக்கு நாரை வந்துவிட்டதா என்று கேட்டால் போதும். பதில் வந்தால் அந்த அட்டையை வகுப்புச் சுவரில் ஒட்டிவிடலாம்.