வாடகை வீட்டை மேலாளரிடம் ஒப்படைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் வீடு வாங்கி வாடகைக்கு விடுகிறவர்கள், அதைத் தாமே பார்த்துக்கொள்வதா, மாதக் கட்டணம் கொடுத்து ஒரு மேலாளரிடம் ஒப்படைப்பதா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். பிறருடைய வீடுகளைப் பராமரித்துத் தருவதே என் தொழில். முன்பு நாங்களெல்லாம் இடறிய இடங்களிலேயே புதியவர்களும் இடறுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். விசாரிக்காமல் குடிவைக்கக் கூடாது என்பது போன்ற, யாவரும் அறிந்த எச்சரிக்கைகளை விட்டுவிடுகிறேன்.

முன்பணத்தை மேலாளரின் கணக்கில் வாங்கவிடுவது

வளைகுடா நாடொன்றில் பணிபுரியும் ஒருவர், வேளச்சேரியில் இருந்த தம் வீட்டை ஒரு மேலாளரிடம் ஒப்படைத்திருந்தார். "அங்கே இருக்கும் உங்களுக்கு எதற்குத் தொல்லை?" என்று சொல்லி, முன்பணத்தையும் மாத வாடகையையும் அந்த மேலாளர் தம் கணக்கிலேயே வாங்கிக்கொண்டார், தம் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியை மாதந்தோறும் தவறாமல் அனுப்பியதால் உரிமையாளருக்கு ஐயமே எழவில்லை. குடித்தனக்காரர் வீட்டைக் காலி செய்து முன்பணத்தைக் கேட்டபோது மேலாளரின் தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது. "யாரிடம் கொடுத்தீர்களோ அவரிடமே கேளுங்கள்" என்று உரிமையாளர் குடித்தனக்காரர்மீது கோபப்பட்டார். அந்தக் கோபத்தில் நியாயம் இல்லை. முகவர் (இங்கே மேலாளர்) தமக்குத் தரப்பட்ட அதிகாரத்துக்கு உட்பட்டுச் செய்யும் செயல், அதிகாரம் தந்தவரையே கட்டுப்படுத்தும் என்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் சொல்லும் விதி. தம் கைக்கு வந்தே சேராத முன்பணத்தை உரிமையாளர் தம் சேமிப்பிலிருந்து திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இதே கதையை வேறு வேறு பேட்டைகளிலிருந்து கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சல் மூளுகிறது. ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் தடுத்திருக்கக்கூடிய இழப்பு இது. வாடகையும் முன்பணமும் உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும் என்று, கணக்கு எண்ணையும் குறிப்பிட்டு, வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வெளிநாட்டில் வாழ்பவர், இந்தியாவில் கிடைக்கும் வருமானத்துக்கென வைத்திருக்கும் தம் என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கில் வாடகையைப் பெற்றுக்கொள்ளலாம். மேலாளரின் கட்டணத்தை அவர் தரும் ரசீதின்பேரில் தனியே செலுத்துங்கள். அவசரப் பழுதுகளுக்கென ஒரு சிறு தொகையை அவரிடம் கொடுத்து வைக்கலாம். அதற்கு மேற்பட்ட செலவுக்கு முன்கூட்டியே உங்கள் ஒப்புதலைப் பெற வேண்டும். உங்கள் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பொது அதிகாரப் பத்திரத்தை மேலாளர் கேட்டால், வாடகைக்கு விடும் வேலைக்கு மட்டும் உரிய அளவில் அதைச் சுருக்கிக் கொடுங்கள்.

வரியும் இதில் சிக்கிக்கொள்கிறது. உரிமையாளர் வெளிநாட்டில் வாழ்பவராக இருந்தால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதிலிருந்து பொதுவாக 31.2 விழுக்காட்டை வருமான வரியாகப் பிடித்து அரசுக்குச் செலுத்தும் பொறுப்பு குடித்தனக்காரருடையது. பணம் உள்ளூர் மேலாளரின் கணக்குக்குப் போகும்போது இப்படியொரு கடமை தமக்கு இருப்பதே குடித்தனக்காரருக்குத் தெரியாமல் போகிறது. பிற்பாடு வரித்துறையின் அறிவிப்பு வந்து நிற்பது அவர் வாசலில்தான்.

மேலாளரே தரகராகவும் இருப்பது

குடித்தனம் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு மாத வாடகை தரகாகக் கிடைக்கும் என்றால், நல்ல குடித்தனக்காரரை நெடுநாள் இருக்கவைக்கும் அக்கறை மேலாளருக்கு எங்கிருந்து வரும்? இரண்டு வேலையையும் ஒருவரே செய்தால் மறுகுடித்தனத்துக்கான தரகை வெகுவாகக் குறைத்துப் பேசிக்கொள்ளுங்கள்.

பதினோரு மாத ஒப்பந்தம் போதும் என்று நம்புவது

ஓராண்டுக்கு மேல் நீளும் குத்தகைக்கே 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்குகிறது என்பதால் பிறந்த பழக்கம் இது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, வாடகை உறவை முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டமோ, பதினோரு மாதமானாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்யச் சொல்கிறது. வேறு உடன்பாடு இல்லாதவரை முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் உண்டு. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மேலாளர் சொன்னால், பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

மேலாளரின் கட்டணத்தை வரியில் கழிக்கலாம் என்று எண்ணுவது

முடியாது. சொத்து வரி போக எஞ்சும் வாடகையில் 30 விழுக்காடு பொதுக் கழிவாகக் கிடைக்கும். மேலாளருக்குக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அது ஒரே அளவுதான்.

குடிபுகும் நாளில் படம் எடுக்காமல் விடுவது

மின்மீட்டர் அளவு உட்பட எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

உள்ளூரிலேயே இருந்தும் ஒரே வீட்டுக்கு ஆள் வைப்பது

ஒரே ஊரில் ஒரே வீடு வைத்திருப்பவருக்கு மேலாளர் தேவையில்லை என்பதே என் கருத்து. ஆனால் தாமே பார்த்துக்கொள்பவர்கள் குழாய் ஒழுகினாலும் குடித்தனக்காரரோடு சண்டையிடுகிறார்கள். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால், கட்டட அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடித்தல், தேவைப்படும்போது குழாய்களை மாற்றுதல் ஆகியவை உரிமையாளருடைய பொறுப்பு; குழாய் வாஷர், சுவிட்ச், கழிவுநீர் அடைப்பு போன்றவை குடித்தனக்காரருடையவை. பழுதுபார்க்கவோ வீட்டைப் பார்வையிடவோ உள்ளே செல்வதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். சொந்த வீடுதானே என்று மாற்றுச் சாவியோடு போய்த் திறக்க உரிமையாளருக்கும் உரிமை இல்லை, மேலாளருக்கும் இல்லை.