காரின் வீல் ஆர்ச்: சேற்றை எடுப்பது, துருவைத் தடுப்பது

வாட்டர் வாஷ் முடித்து வந்த காரிலும், வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் பாடி) விளிம்பின் உள்பக்கத்தை விரலால் தடவினால் கையோடு மண் வரும். ஃபெண்டர் தகடு, அதாவது சக்கரத்தை மூடும் பாடித் தகடு, அந்த இடத்தில் உள்நோக்கி மடிந்திருக்கிறது. மடிப்பில் சேரும் மண் மேலே காய்ந்து, அடியில் ஈரமாகவே கிடக்கும். துரு பெரும்பாலும் அங்கேதான் பிடிக்கிறது. வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போது தகடு உள்ளிருந்து நன்றாகவே அரிபட்டிருக்கும். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் இன்னும் மோசம். மண்ணில் கலந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் மழை இல்லாத மாதத்திலும் அது முழுசாகக் காயாது.

இன்னொரு இடம் கண்ணுக்கே படாது. முன் சக்கரத்துக்குப் பின்னால், ஆர்ச்சின் உள்பக்கத்தை மூடும் பிளாஸ்டிக் லைனருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் 'சில்' என்ற பாடிப் பகுதி தொடங்கும் மூலை. பல கார்களில் வைப்பருக்கு அடியில் விழும் மழைத்தண்ணீர் இந்த வழியாகத்தான் இறங்கும். வேப்பமரத்தடியில் நிறுத்தும் வண்டியாக இருந்தால் சருகும் கூடவே இறங்கி, சேற்றோடு சேர்ந்து மக்கிக் கிடக்கும். லைனரைக் கழற்றாமல் வெளியிலிருந்து எவ்வளவு பம்ப் அடித்தாலும் இது வராது, இன்னும் கொஞ்சம் ஊறும், அவ்வளவுதான். ஆகவே வருஷத்துக்கு இரண்டு முறையாவது லைனரை இறக்க வேண்டும்: வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் ஒரு முறை, மழை ஓய்ந்து ஜனவரியில் ஒரு முறை. இடையில் சேற்றில் ஓட்டிய நாளெல்லாம் ஹோஸ் பைப்பால் அலசினால் போதும்.

தூக்குவது

சமதளமான கெட்டித் தரை வேண்டும். முதல் கியரில் போட்டு (ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'), ஹேண்ட் பிரேக் இழுத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்கவும். பின் சக்கரத்தைத் தூக்கும்போது கட்டை மிக முக்கியம். பின் சக்கரங்களைப் பிடிக்கிற ஹேண்ட் பிரேக்குக்கு அப்போது தரையில் ஒரு சக்கரம்தான் மிச்சம். சக்கர நட்டுகளை, சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட்டு ஜாக்கி போடவும். வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டுமே. ஆர்ச்சுக்குள் தலையைக் கொடுக்கும் வேலைக்கு ஜாக் ஸ்டாண்ட் (தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்) கட்டாயம். கழற்றிய சக்கரத்தையும் சில்லுக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள்.

லைனரைப் பிடித்திருப்பவை பிளாஸ்டிக் கிளிப்புகளும் சில ஸ்க்ரூக்களும். கிளிப்பின் நடுப்பின்னைத் தட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி வெளியே இழுத்த பிறகுதான் முழு கிளிப்பையும் எடுக்க வேண்டும். வெயிலில் வெந்த பழைய கிளிப்புகளில் சில உடையத்தான் செய்யும்; அதே அளவில் பத்து வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. லைனரை வெடுக்கென்று இழுக்க வேண்டாம், ஏபிஎஸ் சென்சார் ஒயரோ ஃபாக் லேம்ப் ஒயரோ பக்கத்திலேயே போகும். சின்ன கார்களில் பின் சக்கரத்துக்கு லைனரே இல்லாமல் வெறும் தகடாகவும் இருக்கும். அந்த வண்டிகளுக்குக் கோட்டிங் இன்னும் அவசியம்.

கழுவுவது

முதலில் தண்ணீர் வேண்டாம். கட்டி மண்ணையும் சருகையும் கையால் அள்ளி, மிச்சத்தைப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டவும். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் பெயின்ட் கீறும். அடுத்த துரு அந்தக் கீறலில் பிடிக்கும். பிறகு மெதுவான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, மேலிருந்து கீழாகக் கார் ஷாம்புவும் நீளக் கைப்பிடி பிரஷ்ஷும் போட்டுத் தேய்க்கவும். எண்ணெய்ப் பிசுக்குக்கு ஆல் பர்ப்பஸ் கிளீனர், ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர். விளிம்பு மடிப்புக்குப் பழைய டூத் பிரஷ்தான் சரி. சில்லின் அடியில் உள்ள வடிகால் துளைகளில் கேபிள் டை ஒன்றை விட்டு அடைப்பு எடுக்க மறக்க வேண்டாம்.

பிரஷர் வாஷரை 30 சென்டிமீட்டருக்குக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. ஆக்ஸிலின் ரப்பர் பூட் (கிரீஸை உள்ளே வைத்து மூடும் உறை), பால் ஜாயின்ட் பூட் இவற்றின் விளிம்பில் நேராக அடித்தால் தண்ணீர் உள்ளே போய் கிரீஸைக் கெடுக்கும். சில மாதம் கழித்து, வளைவில் திரும்பும்போது கடகடவென்று சத்தம் வரும்.

சில சர்வீஸ் ஸ்டேஷன்களில் கழுவி முடித்து அடியில் டீசலோ பழைய ஆயிலோ ஸ்ப்ரே பண்ணுவார்கள். பளபளப்பு இரண்டு நாள். அதன் பிறகு தூசி அப்பிக்கொள்ளும், ரப்பர் புஷ்கள் ஊறி உப்பும். வேண்டாம் என்று வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள்.

துருவும் கோட்டிங்கும்

ஒரு ராத்திரி முழுக்கக் காயவிடவும். ஈரத்தின் மேல் அடித்த கோட்டிங் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிடும். மழை நாளில் இந்த வேலையைத் தொடவே கூடாது.

மேல்துரு மட்டும் என்றால் வயர் பிரஷ், 80-ம் நம்பர் உப்புத்தாள், பிறகு ரஸ்ட் கன்வர்ட்டர் (மிச்சத் துருவைக் கறுப்புப் படலமாக மாற்றும் திரவம்). செதில் செதிலாக உரியும் துருவின் மேல் கன்வர்ட்டர் பூசிப் பயனில்லை, உரிவதெல்லாம் போன பிறகே பூச வேண்டும். கறுத்துக் காய்ந்ததும் ப்ரைமர், மெல்லிசாக இரண்டு கோட். தகட்டில் ஓட்டை விழுந்திருந்தால் வெட்டி வெல்டிங் வைப்பதுதான் வழி. பட்டி வைத்து மூடினால் பின்னால் அரிப்பு தொடரும்.

டிஸ்க், காலிப்பர், ஷாக் அப்சார்பர் ராடு, ஸ்பிரிங், பிரேக் ஹோஸ், சென்சார், வடிகால் துளை எல்லாவற்றையும் பாலிதீனும் மாஸ்கிங் டேப்பும் போட்டு மூடிய பிறகு ஸ்டோன் கார்டு கோட்டிங் (கல் தெறிப்பைத் தாங்கும் கெட்டிப் பூச்சு). 25 சென்டிமீட்டர் தள்ளி நின்று, கோட்டுக்குக் கோட் அரை மணி நேரம் விட்டு, மூன்று மெல்லிய கோட். ஒரே தடவையில் கெட்டியாக அடித்தால் மேல் தோல் காய்ந்து உள்ளே தின்னர் தங்கும்; அப்புறம் பாளமாக உரியும். தார் கலந்த மலிவு கோட்டிங் நம் வெயிலில் இறுகி வெடிக்கும். வெடிப்புக்குள் தண்ணீர் புகுந்தால் மேலே கறுப்பாக அழகாக இருக்க, அடியில் தகடு போய்க்கொண்டிருக்கும். கோட்டிங்கே இல்லாததைவிட இது மோசம்.

விளிம்பு மடிப்புக்கும் லைனருக்குப் பின்னால் உள்ள மூலைக்கும் கெட்டிக் கோட்டிங் நுழையாது. அங்கே கேவிட்டி வாக்ஸ் (இடுக்குகளுக்கான மெழுகுப் பூச்சு), நீளக் குழாய் வைத்த ஸ்ப்ரேயில். அது காய்ந்து கல்லாகாமல் இடுக்கில் ஊர்ந்து பரவும். வாக்ஸ் பிரேக் டிஸ்க்கில் ஒரு துளி பட்டாலும் பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டுத்தான் சக்கரத்தை மாட்ட வேண்டும்.

லைனரைக் கழுவிக் காயவைத்து மாட்டவும். நட்டுகளைக் கையால் ஏற்றி, எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்கி, வண்டியை இறக்கிய பிறகு மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்கவும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தடவை டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். அடுத்த முறை லைனரை இறக்கும்போது கோட்டிங்கை நகத்தால் அங்கங்கே கிளறிப் பார்க்கவும். தூக்கிக்கொண்டு வரும் இடத்தைச் சுரண்டி எடுத்து, அந்த இடத்துக்கு மட்டும் ப்ரைமரிலிருந்து தொடங்கினால் போதும்.