கிளிக்ஹவுஸ் சர்வரைப் புதுப்பிக்கும் முன் மாற்றக் குறிப்புகளைப் படிப்பது எப்படி?

கிளிக்ஹவுஸ் என்பது 2016இல் திறமூல மென்பொருளாக வெளியிடப்பட்ட, பகுப்பாய்வுக்கான தரவுத்தள சர்வர். ஏறத்தாழ மாதத்திற்கு ஒரு புதிய பதிப்பு வருவதாலும், ஒவ்வொன்றின் மாற்றக் குறிப்பும் மிக நீண்டிருப்பதாலும், புதிதாகக் கற்பவர்கள் 'புதிய வசதிகள்' பகுதியை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். உண்மையில் அந்தப் பகுதியைக் கடைசியாகப் படித்தாலும் குறையில்லை.

படி 1: தற்போதைய பதிப்பை அறிதல்

செலக்ட் கட்டளையில் 'வெர்ஷன்' செயற்கூற்றை அழைத்தால் பதிப்பெண் கிடைக்கும். 23.8 என்று தொடங்கினால் அது 2023 ஆகஸ்டு பதிப்பு. மார்ச், ஆகஸ்டு மாதப் பதிப்புகளுக்கு நீண்டகால ஆதரவு உண்டு என்பதால், தொடக்கநிலையில் இருப்பவர்கள் இவற்றிலேயே நிற்பது நல்லது.

படி 2: இடைப்பட்ட குறிப்புகள் அனைத்தையும் படித்தல்

23.8இலிருந்து 24.3க்குச் செல்பவர் 24.3இன் குறிப்பை மட்டும் படித்தால் போதாது, 23.9 தொடங்கி ஏழு பதிப்புகளின் குறிப்புகளையும் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் முதலில் தேட வேண்டியவை, முந்தைய பதிப்போடு பொருந்தாத மாற்றங்களும் புதுப்பிப்பவர்களுக்கான குறிப்புகளும்தான். சான்றாக, வினவலைப் பகுத்துப் புரிந்துகொள்ளும் புதிய பகுப்பாய்வி 24.3இல் இயல்பாகவே செயல்படத் தொடங்கியது. வினவலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாதவருக்கும், மாற்றுப்பெயர்களைத் தாறுமாறாகப் பயன்படுத்திய சிக்கலான வினவல்கள் வேறுவிதமாக நடந்துகொள்ளக்கூடும்.

படி 3: ஆவணத் திருத்தங்களைச் சோதித்தல்

பலரும் பொருட்படுத்தாத படி இதுவே. ஆவணத்தில் ஒரு வாக்கியம் திருத்தப்பட்டிருந்தால், சர்வரின் நடத்தை மாறியதால் ஆவணமும் மாறியிருக்கலாம், அல்லது சர்வர் அப்படியே இருக்க, ஆவணத்தில் முன்பிருந்த பிழை மட்டும் நீக்கப்பட்டிருக்கலாம். கிளிக்ஹவுஸின் ஆங்கில ஆவணங்களில் ஒரு பகுதி, மூலநிரல் உள்ள அதே கிட்ஹப் களஞ்சியத்தில் 'டாக்ஸ்' என்ற அடைவில் இருப்பதால், அங்கே இரண்டையும் ஓரளவு பிரித்தறியலாம்: திருத்தம் அந்த அடைவை மட்டும் தொட்டிருந்தால் அது பெரும்பாலும் எழுத்துப் பிழையோ கருத்துப் பிழையோ களைந்ததாக இருக்கும், மூலநிரலும் உடன் மாறியிருந்தால் எச்சரிக்கை தேவை.

இணைய ஆவணம் பெரும்பாலும் அண்மைப் பதிப்பையே விவரிக்கும் என்பதால், ஆவணமும் சர்வரும் முரண்படும்போது நான் சர்வரையே நம்புவேன். 'சிஸ்டம்.செட்டிங்ஸ்' அட்டவணையில் ஒவ்வோர் அமைப்பின் மதிப்பும் விளக்கமும், அது மாற்றப்பட்டதா என்ற தகவலும் இருக்கும். 'ஜாயின்_யூஸ்_நல்ஸ்' அமைப்பை இவ்வாறு தேடிப் பாருங்கள். அதன் இயல்பு மதிப்பு 0. ஆகவே இடது இணைப்பில் ('லெஃப்ட் ஜாயின்') பொருந்தாத வரிசைகளில், வேறு தரவுத்தளங்களில் பழகியவர் எதிர்பார்க்கும் 'நல்' (NULL, மதிப்பு இல்லை என்பதன் குறி) வராமல், எண்ணுக்குச் சுழியமும் சரத்திற்கு வெற்றுச் சரமும் நிரப்பப்படும். இரண்டு சிறிய அட்டவணைகளை இணைத்துப் பார்த்தால் நொடியில் தெளிவாகிவிடும்.

படி 4: புதுப்பித்தல்

காப்புநகல் எடுத்து, முதலில் சோதனைச் சர்வரில் செய்து பாருங்கள். உங்கள் மாற்றங்களை முதன்மை உள்ளமைவுக் கோப்பில் எழுதாமல் 'கான்ஃபிக்.டி' அடைவில் தனிக் கோப்பாக வையுங்கள். நகல் சர்வர்கள் பல இருந்தால் ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கலாம். பதிப்புகளுக்கிடையே ஓராண்டுக்கு மேல் இடைவெளி இருந்தால் நேரடியாகத் தாவக் கூடாது.

தயக்கம் இருந்தால் 'கம்பாட்டிபிலிட்டி' அமைப்பில் 23.8 என்று குறிப்பிடுங்கள். நீங்கள் தனியே மாற்றாத அமைப்புகள் பழைய இயல்பு மதிப்புகளுக்குத் திரும்பும். ஆனால் அமைப்புகளோடு தொடர்பில்லாத மாற்றங்களை இது தடுக்காது. புதிய பதிப்பு வட்டில் எழுதிய தரவைப் பழைய பதிப்பு படிக்கும் என்ற உறுதியும் இல்லை. பிழைப் பதிவேட்டைச் சில நாள் கவனித்த பிறகு, சோதனைச் சர்வரில் இந்த அமைப்பை நீக்கி, முக்கியமான வினவல்களின் முடிவுகளை முன்பு சேமித்தவற்றோடு ஒப்பிட்ட பின்னரே, மற்ற சர்வர்களிலும் நீக்குங்கள்.