செவ்வியல் காலத்து இசையிலும் கலையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்கத்திய இசையைப் பற்றித் தமிழில் எழுதுவோர் முதலில் இடறுவது ‘கிளாசிக்கல்’ என்ற சொல்லில்தான். திரையிசையிலிருந்தும் நாட்டார் இசையிலிருந்தும் பிரித்துக் காட்டுவதற்காக மேற்கத்தியச் சாஸ்திரிய மரபு முழுவதையும் அச்சொல்லால் குறிக்கிறோம். இசை வரலாற்றில் அதே சொல், ஏறத்தாழ 1750 முதல் 1820 வரை வியன்னாவை மையமாகக் கொண்டு ஹைடன், மொசார்ட், பீத்தோவன் ஆகியோர் கையில் வளர்ந்த ஒரு பாணியை மட்டுமே குறிக்கிறது. 1750இல் மறைந்த பாக் அதற்கு முந்தைய பரோக் காலத்தவர். 1840இல் பிறந்த சைக்கோவ்ஸ்கி அதற்குப் பிந்தைய ரொமான்டிக் காலத்தவர். இவர்களையெல்லாம் ‘செவ்வியல் காலத்து மேதைகள்’ என்று ஒரே வரிசையில் நிறுத்துவது, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட மாற்றங்களை அழித்துவிடுகிறது.

ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் வரும்போது குழப்பம் இன்னும் கூடுகிறது. கலை வரலாற்றில் செவ்வியல் என்றால் பண்டைய கிரேக்கமும் ரோமும்தான். மொசார்ட் வாழ்ந்த ஆண்டுகளில் அவற்றை முன்மாதிரியாகக் கொண்டு எழுந்த கலைக்கு நவசெவ்வியல் என்று பெயர். இந்த வேறுபாட்டுக்கு வலுவான காரணம் உண்டு. எரிமலைச் சீற்றத்தில் புதைந்த ரோமானிய நகரங்களான ஹெர்குலேனியத்தில் 1738இலும் பொம்பெயியில் 1748இலும் தொடங்கிய அகழாய்வுகள், ஓவியருக்கும் சிற்பிக்கும் பழமையைக் கண்ணெதிரே கொண்டுவந்து வைத்தன. இசைக்கலைஞருக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. பண்டைய கிரேக்கரின் இசையை அன்று யாரும் கேட்டிருக்கவில்லை. ஆகவே கிரேக்கக் கோயிலின் அளவைகளை மொசார்ட் இசையில் கொண்டுவந்தார் என்பது போன்ற வாக்கியங்கள் அழகாக ஒலித்தாலும் வரலாறு ஆகா. அவரும் ஹைடனும் தங்களைச் செவ்வியல் கலைஞர் என்று அழைத்துக்கொள்ளவில்லை. அவர்களை என்றும் பின்பற்றத்தக்கவர்களாகக் கருதிய பத்தொன்பதாம் நூற்றாண்டினர் இட்ட பெயர் அது.

இந்தக் காலத்தைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருக்கும் பலவும் இப்படிப் பின்னால் வந்தோர் பூசிய பூச்சுகளே என்பது என் எண்ணம். பளிங்கின் வெண்மையை எடுத்துக்கொள்வோம். ‘மேன்மைமிக்க எளிமை, அமைதியான பெருமிதம்’ என்று கிரேக்கக் கலையின் சாரத்தை 1755இல் வரையறுத்தார் ஜெர்மானிய அறிஞர் விங்கெல்மன். அவர் ரோமில் இருந்து பார்த்த சிலைகளில் பெரும்பாலானவை கிரேக்க மூலங்களுக்கு ரோமானியர் செய்த நகல்கள். மூலச் சிலைகளோ கண், உதடு, கூந்தல், ஆடை என எங்கும் வண்ணம் தீட்டப்பட்டிருந்தன. மண்ணுக்கடியில் கிடந்த நூற்றாண்டுகளும் மழையும் வெயிலும் அதைக் கழுவிவிட்டன. வெண்மையே கிரேக்கம் என்ற நம்பிக்கை எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்றால், ஏதென்ஸின் பார்த்தெனான் கோயில் சிற்பங்களை மேலும் வெண்மையாக்குவதற்காக 1930களின் இறுதியில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அவற்றின் மேற்பரப்பையே சுரண்டினார்கள். போன வண்ணச் சுவடு போனதுதான். நவசெவ்வியல் சிற்பத்தின் தலைமகனான கனோவா கூட வெறும் வெண்மையோடு நிறைவடைந்தவர் அல்லர். கிரேக்கரின் இளமைத் தெய்வமான ஹீபிக்குத் தாம் வடித்த சிலைக்குப் பொன்முலாம் பூசிய கிண்ணமும் குடுவையும் தந்தார். அதற்காகக் கண்டனமும் பெற்றார்.

ஓவியத்தில் அடிக்கடி நேரும் பிழை, பின்னால் நடந்ததை முன்னால் ஏற்றிப் படிப்பது. பிரெஞ்சு ஓவியர் தாவீத் வரைந்த ‘ஹொராஷியர்களின் சூளுரை’யைப் பிரெஞ்சுப் புரட்சியின் ஓவியம் என்று எழுதுகிறார்கள். பண்டைய ரோமைச் சேர்ந்த மூன்று சகோதரர்கள் தந்தை ஏந்திய வாள்களை நோக்கிக் கைநீட்டி நிற்கும் அந்தக் காட்சியைப் பார்த்தால் அப்படித் தோன்றுவது இயல்பே. ஆனால் அதை அவர் ரோமில் முடித்தது 1784இல். பாரிஸ் கண்காட்சியில் வைத்தது 1785இல். வரையச் சொன்னதோ பதினாறாம் லூயியின் அரசு. அதே தாவீத் 1793 ஜனவரியில் அந்த அரசரின் மரண தண்டனைக்கு ஆதரவாக வாக்களித்தார் என்பது உண்மை; எட்டாண்டு இடைவெளியில் மனிதரும் மாறினார், நாடும் மாறியது. ஓவியத்தை அதன் ஆண்டில் வைத்துப் பார்த்தால்தான், தேசக்கடமையைக் குடும்பப் பாசத்துக்கு மேலாக வைக்கும் ஒழுக்கத்தை அரசே விரும்பி ஆதரித்தது என்ற வியப்பான செய்தி தெரியவரும்.

காலம் முழுவதையும் ஒரே பாணியாக்குவதும் தவறு. ஊஞ்சலில் ஆடும் பெண்ணின் காலணி காற்றில் பறக்கும் ஃப்ராகொனாரின் ஓவியம், ரொக்கோக்கோ என்ற விளையாட்டும் அலங்காரமும் மிகுந்த பாணியில் 1767 வாக்கில் வரையப்பட்டது. அப்போது ஹைடன் எஸ்தர்ஹாசி இளவரசரின் பணியில் இருந்தார். இருளும் கொடுங்கனவும் நிறைந்த ஸ்பானிய ஓவியர் கோயாவின் அச்சோவியத் தொடர் 1799இல் வெளிவந்தபோதும் ஹைடன் உயிரோடிருந்தார்.

‘அமைதியான, சமநிலை கொண்ட இசை’ என்ற வருணனை கேட்பவரை இன்னும் மோசமாக வழிதவறச் செய்கிறது. நம் கச்சேரிகளுக்குப் பழகிய காது, ஒரு கீர்த்தனை ராகமாலிகையாக இல்லாதவரை தொடங்கிய ராகத்திலேயே நின்று அதை ஆழப்படுத்தும் என்று எதிர்பார்க்கிறது. மொசார்ட்டையும் ஹைடனையும் அந்த எதிர்பார்ப்போடு கேட்டால் இசை அலைபாய்வதாகத் தோன்றும். இங்கே நாடகமே இடப்பெயர்ச்சியில்தான் இருக்கிறது: ஓர் ஆதார ஸ்வரத்தில் வீடு அமைத்து, வேறோர் ஆதாரத்துக்கு நகர்ந்து, அங்கிருந்து தொலைவான இடங்களில் அலைக்கழிந்து, இறுதியில் வீடு திரும்புவது. புறப்பாட்டையும் திரும்புதலையும் செவி பிடித்துவிட்டால், 1788இல் மொசார்ட் எழுதிய நாற்பதாம் சிம்பொனியில், அதாவது முழு இசைக்குழுவுக்கான பல பகுதிப் படைப்பில், எத்தனை பதற்றம் இருக்கிறது என்பது விளங்கும்.

இந்தப் பயணத்துக்குப் பாடநூல்கள் ‘சொனாட்டா வடிவம்’ என்று பெயரிட்டு, முதல் கருப்பொருள், அதற்கு மாறான இரண்டாம் கருப்பொருள் என்று கட்டம் போட்டுத் தருகின்றன. ஹைடன் அந்தக் கட்டத்தில் இட்டு நிரப்பினார் என்று எண்ணக் கூடாது. அந்த இலக்கணம் அவர் காலத்துக்குப் பின் வகுக்கப்பட்டது. அவருடைய கடைசி சிம்பொனியான 104ஆவதன் முதல் பகுதியில், இரண்டாம் கருப்பொருள் வரவேண்டிய இடத்தில் முதலாவதே மீண்டும் வருகிறது. ஆசான் பிழை செய்யவில்லை. இலக்கணம்தான் அவரை எட்டவில்லை.

பெயர்களிலும் எச்சரிக்கை தேவை. ‘மூன்லைட் சொனாட்டா’ என்ற பெயரைப் பீத்தோவன் அறிந்ததே இல்லை. 1801இல் எழுதிய அப்படைப்பை ‘கற்பனை ஆலாபனை போன்ற சொனாட்டா’ என்ற பொருள்பட அழைத்தார். நிலவொளி என்பது அவர் மறைந்த பின் ஒரு விமர்சகர் சொன்ன உவமை. அந்த உவமையை நம்புவோர் மெதுவான முதல் பகுதியோடு நிறுத்திக்கொண்டு, புயல்போல வரும் மூன்றாம் பகுதியைக் கேட்காமலே போகிறார்கள். முதல் பகுதி முழுவதையும் தந்திகளின் அதிர்வை அடக்காமல் வாசிக்க வேண்டும் என்று பீத்தோவன் குறித்திருக்கிறார். இரும்புச் சட்டமும் 88 கட்டைகளும் கொண்ட இன்றைய பியானோவில் அதை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் ஸ்வரங்கள் ஒன்றின்மேல் ஒன்று குழம்பும். மரச்சட்டமும் தோல் போர்த்த சுத்தியல்களும் கொண்ட, ஐந்து ஸ்தாயி மட்டுமே உள்ள அக்காலப் பியானோவில் நாதம் விரைவில் அடங்கியதால் அது மெல்லிய மூட்டமாக ஒலித்தது. அத்தகைய கருவியில் வாசித்த ஒரு பதிவையாவது கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வது நல்லது.

மொசார்ட்டைச் சூழ்ந்த கதைகளுக்கு அளவில்லை. வியன்னா அரசவை இசையமைப்பாளர் சாலியேரி அவருக்கு நஞ்சூட்டினார் என்பதற்குச் சான்று இல்லை. மொசார்ட்டின் இளைய மகனுக்கு இசை கற்பித்தவர்களில் சாலியேரியும் ஒருவர். ஏழைகளின் கூட்டுக் குழியில் புதைத்தார்கள் என்பதும் தவறு. இரண்டாம் யோசஃப் பேரரசரின் விதிகளுக்கேற்ப வியன்னாவின் சாமானியக் குடிமக்களுக்கு வழக்கமாக இருந்த எளிய அடக்கமே அவருக்கும் நடந்தது. முயற்சியே இன்றி இசை அவரிடம் கொட்டியது என்ற கதையை அவரே மறுக்கிறார்: 1785இல் ஹைடனுக்குக் காணிக்கையாக்கிய ஆறு படைப்புகளை (நான்கு தந்திக் கருவிகளுக்கானவை) ‘நீண்ட, கடினமான உழைப்பின் கனி’ என்று எழுதினார். கரீபியத் தீவான குவாதலூப்பில் அடிமைப்பட்ட ஆப்பிரிக்கத் தாய்க்குப் பிறந்து, பாரிஸின் தலைசிறந்த வயலின் கலைஞராக உயர்ந்த செவாலியே த சேன் ஜார்ஜைக் ‘கறுப்பின மொசார்ட்’ என்பதும் நெருடுகிறது. அவர் மொசார்ட்டைவிடப் பத்து ஆண்டு மூத்தவர். ஹைடனின் ஆறு பாரிஸ் சிம்பொனிகளைப் பெற்ற இசைக்குழுவை நடத்தியவர். அவருக்கு இரவல் பெயர் தேவையில்லை.

இந்த இசையை மூச்சடக்கி, அசையாமல் அமர்ந்து கேட்க வேண்டும் என்ற நினைப்பும் பிற்காலத்தது. 1778இல் பாரிஸில் தம் புதிய சிம்பொனி அரங்கேறியதை மொசார்ட் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் விவரிக்கிறார். முதல் பகுதியின் நடுவே, மக்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்தே ஓரிடத்தை வைத்திருந்தார்; அது வந்ததும் இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே கைதட்டினார்கள். கடைசிப் பகுதிகளை எல்லாக் கருவிகளும் சேர்ந்து தொடங்குவது அந்நகர வழக்கம் என்று கேள்விப்பட்டு, அவர் வயலின்களை மட்டும் எட்டுத் தாளச் சுற்றுகள் மெல்ல வாசிக்க வைத்தார். ‘உஷ்’ என்று கூட்டம் ஒருவரையொருவர் அடக்கியது. உடனே முழுக்குழுவும் உரக்க முழங்க, அந்த ஒலியும் கரவொலியும் ஒன்றாகவே எழுந்தன. நிகழ்ச்சி முடிந்ததும் மகிழ்ச்சி தாங்காமல் பாரிஸின் பலே ரொயால் அரண்மனைத் தோட்டத்துக்குப் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டு, நேர்ந்துகொண்டபடி செபமாலை சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பினார்.