நிரலைத் திறந்த மூலமாகப் பகிர்தல்: உரிமம் தெரிவுசெய்யும் முறை

இலங்கையின் கிழக்கிலே, யுனிகோட்டுக்கு முந்திய பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் தட்டச்சுச் செய்த பழைய கோப்புகள் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் இன்னும் குவிந்து கிடக்கின்றன. அவற்றை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோட்டுக்கு மாற்றும் சிறு நிரலொன்றை வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ உள்ள பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவி ஒருவர் எழுதி, நிரல்களைப் பகிரும் இணையத்தளமான கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி ஏற்றியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உரிமம் சேர்க்காதவரை அது திறந்த மூலம், அதாவது எவரும் பயன்படுத்தி, திருத்தி, பகிரக்கூடிய நிரல், ஆகாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலுக்கும் பதிப்புரிமை வழங்குகிறது. பதிவு செய்யாமலே, எழுதியவுடன் அவ்வுரிமை உண்டாகிவிடுகிறது. ஆகவே கல்முனையில் அச்சகம் நடத்துபவர் அந்நிரலைத் திருத்திப் பிறருக்கும் கொடுக்க வேண்டுமானால், எழுதியவரின் அனுமதி தேவை. அந்த அனுமதியை எல்லோருக்கும் முன்கூட்டியே எழுத்தில் தருவதுதான் உரிமம்.

முதலில், நிரல் உங்களுடையதுதானா என்று பாருங்கள். வேலையின் பகுதியாக எழுதிய நிரலின் பொருளாதார உரிமைகள், ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், வேலை கொடுப்பவருக்கே உரியவை. கூட்டாக எழுதியிருந்தால் மற்றவர்களின் சம்மதத்தையும் பெறுங்கள். பிறருடைய எழுத்துருக் கோப்பைச் சேர்த்து ஏற்றாதீர்கள். எழுத்து மாற்றத்துக்கு எந்தக் குறியீடு எந்த எழுத்தைக் குறிக்கிறது என்ற அட்டவணையே போதும்.

அடுத்தது தெரிவு. எம்.ஐ.டி. உரிமம் மிகச் சுருக்கமானது: பதிப்புரிமை வரியையும் உரிம வாசகத்தையும் அகற்றாமல், நிரலை எவரும் எதற்கும் பயன்படுத்தலாம், விற்கவும் செய்யலாம். அப்பாச்சி 2.0 உரிமம் ஏறத்தாழ அவ்வளவு தாராளமானதே. பங்களித்தோரின் ஆக்கவுரிமைகளை (பேட்டன்ட்) பயன்படுத்தும் அனுமதியும் அதில் வெளிப்படையாக உண்டு. 2007இல் வெளிவந்த ஜி.பி.எல். உரிமத்தின் மூன்றாம் பதிப்பின்படி, திருத்திய நிரலை வெளியே விநியோகிப்பவர், பெறுபவருக்கு அதன் மூல நிரலையும் அதே உரிமத்தின்கீழ்க் கொடுக்க வேண்டும். எழுத்துமாற்றி போன்ற பொதுத்தேவைக் கருவிக்கு நான் ஜி.பி.எல்.லையே பரிந்துரைப்பேன், ஏனெனில் ஒருவர் சேர்த்த திருத்தம் அவரிடமிருந்து நிரலைப் பெறுபவர் பார்க்க முடியாதபடி மூடப்படக் கூடாது. “விற்கக் கூடாது” என்று நீங்களாக ஒரு நிபந்தனை சேர்த்தால், அது திறந்த மூலம் என்ற வரையறைக்கு வெளியே போய்விடும்.

தெரிவு முடிந்ததும், கிட்ஹப்பில் உங்கள் நிரல் இருக்கும் களஞ்சியத்தின் முதல் அடுக்கில் ‘லைசென்ஸ்’ (LICENSE) என்ற பெயரில், ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், புதிய கோப்பொன்றை உருவாக்குங்கள். அந்தப் பெயரைத் தட்டச்சுச் செய்தவுடன் உரிம வார்ப்புருவைத் தெரிவுசெய்யும் பொத்தானைக் கிட்ஹப் காட்டும். எம்.ஐ.டி.யில் ஆண்டையும் பெயரையும் நிரப்ப வேண்டும். ஜி.பி.எல். வாசகத்தில் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது. உங்கள் பெயரும் ஆண்டும் ஒவ்வொரு நிரல் கோப்பின் தலைப்பிலும் இடம்பெற வேண்டும்.

நிரலை அறிமுகப்படுத்தும் ரீட்மீ (README) கோப்பைத் தமிழிலும் எழுதுங்கள். பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னால் தட்டச்சாகிறது, யுனிகோட்டில் பின்னால் வருகிறது. ‘கெ’, ‘கொ’, ‘கௌ’ ஆகியவற்றை உங்கள் நிரல் எப்படி மாற்றுகிறது என்று காட்டினால், புதிதாக வருபவர் பிழையைத் தாமே கண்டுபிடிப்பார்.

பொதுவில் திறப்பதற்கு முன் கடவுச்சொற்களையும், சோதனைக்கு வைத்த உண்மையான கடிதங்களையும் தேடி அகற்றுங்கள். இன்று அழித்தாலும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியின் வரலாற்றில், பழைய கொமிட்களில் (பதிவுகளில்), அவை இருக்கும். ஆகவே வெளியே போன கடவுச்சொல்லை மாற்றியே ஆக வேண்டும். உரிமத்தைப் பின்னர் மாற்ற விரும்பினால், அதற்குள் நிரல் சேர்த்தவர்களின் சம்மதமும் வேண்டும். ஏற்கெனவே வெளியிட்ட பதிப்பைப் பெற்றவர்கள் பழைய உரிமத்தின்படியே அதைத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.