மந்தில் கற்ற பூத்தையலை வெளியே கொண்டுசெல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உதகையைச் சுற்றியுள்ள மந்துகளுக்கு, அதாவது தோடர் குடியிருப்புகளுக்கு, பூத்தையல் கற்க வரும் இளைஞர்கள், எங்கள் தலைமுறை செய்த பிழைகளையே திரும்பச் செய்வதைப் பார்த்து வருவதால் இதை எழுதுகிறேன். கேட்காமல் படமெடுக்கக் கூடாது, கோயிலை நெருங்கக் கூடாது என்பவை எல்லாரும் அறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

கற்கக் கிடைத்த அனுமதியை விற்கவும் கற்பிக்கவும் கிடைத்ததாகக் கொள்வது

தோடர் பூத்தையலில் துணிமேல் கோடு வரைந்துகொள்ளும் வழக்கம் இல்லை. வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணியபடி மறுபுறத்திலிருந்து ஊசியைச் செலுத்தி, சிவப்பும் கறுப்புமான நூலைச் சற்றே தளரவிட்டு இழுப்பார்கள். அந்தத் தளர்ச்சியால்தான் வேலைப்பாடு மேலே புடைத்து நிற்கிறது. கற்றுத் தரும் அம்மாக்கள் வாயால் விளக்குவது குறைவு. பக்கத்தில் உட்காரவைத்து, எண்ணிக்கை தவறிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டி, பிரித்துவிட்டு மறுபடியும் தைக்கச் சொல்வார்கள். இப்படி ஒருவர் தம் பொழுதையும் கண்ணையும் நமக்காகச் செலவிட்டதை மறந்துவிடுவதுதான் இந்தத் தவறின் வேர்.

சமவெளியிலிருந்து வந்த ஒரு பெண் ஒரு பனிக்காலம் முழுவதும் மந்தில் கற்றார். கற்றுத் தந்த அம்மா அவரைத் தம் மகளைப் போலவே நடத்தினார். ஊர் திரும்பிய சில மாதங்களில் அந்தப் பெண் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒருநாள் வகுப்புகள் நடத்தத் தொடங்கினார். அதோடு நில்லாமல், கற்ற உருக்களை அச்சிட்டுக் கால்மிதிகளாகவும் விற்றார். தோடர்களில் ஒருவர் இறந்தால் பூத்தையல் வேலைப்பாடு உள்ள பூத்துக்குளி என்னும் போர்வையைத்தான் அவர் உடலுக்குப் போர்த்துகிறார்கள். கைப்பேசியில் அந்தப் படத்தைக் கண்ட அம்மா, "இதை மிதிப்பாங்களா, கண்ணு?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பெண்ணிடம் பேசியபோது, "அம்மாதானே சொல்லிக்கொடுத்தாங்க" என்றார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அதன்பின் நெடுங்காலம் அந்த அம்மா வெளியாள் எவரையும் பக்கத்தில் உட்காரவைக்கவில்லை. எத்தவறும் செய்யாமல் பின்னால் வந்தவர்களும் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

கற்பது, தமக்கெனத் தைத்துக்கொள்வது, விற்பது, பிறருக்குக் கற்பிப்பது ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனிச் சம்மதம் வேண்டுவது. செய்யப்போகும் பொருளின் மாதிரியை முதலில் மந்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். காரணம் கேட்டு நெருக்குவதும் மரியாதைக் குறைவுதான்.

ஒருவரின் சம்மதத்தை ஊரின் சம்மதமாக எண்ணுவது

அகத்தியமலையில் வாழும் காணிக்காரர் என்னும் பழங்குடியினரின் செய்தி இதற்குத் தக்க சான்று. 1987இல் அம்மலைக்குச் சென்ற அறிவியலாளர்களுக்கு, களைப்பைப் போக்கும் ஆரோக்கியப்பச்சை என்னும் செடியை உடன்வந்த காணிக்காரர்கள் காட்டிக்கொடுத்தார்கள். அதைக்கொண்டு 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கிய கேரள ஆய்வு நிறுவனம், தனக்குக் கிடைக்கும் உரிமத் தொகையில் பாதியைக் காணிக்காரருக்கு ஒதுக்கியது. அதற்கென 1997இல் ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. அன்றைய நிலையில் இது உயர்ந்த முன்மாதிரி. ஆனாலும் சமூகம் முழுவதற்கும் உரிய அறிவை ஒரு சிலர் எப்படிக் கைமாற்றலாம் என்ற கேள்வி காணிக்காரருக்குள்ளேயே எழுந்தது. பங்கு கொடுக்க மனம் இருந்த இடத்திலேயே இந்த மனத்தாங்கல் வந்ததென்றால், ஓர் அம்மாவின் தலையசைப்பை மட்டும் நம்பித் தொழில் தொடங்குவோர் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்! மந்தின் பெரியவர்களிடமும் பேசியாக வேண்டும்.

எல்லாரையும் 'மலைவாசிகள்' என்பது

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று நீலகிரி மலையில் ஆறு தொல்குடிகள் உண்டு; கற்றது யாரிடமோ அவர்கள் பெயரைச் சொல்லுங்கள்.

ஆசிரியரை 'ஒரு பாட்டி' ஆக்கிவிடுவது

1930களில் நீலகிரிக்கு வந்த மொழியியலாளர் எமனோ, தாம் பதிவுசெய்த கோத்தர் மொழிக் கதைகளைச் சொன்னவர் சுள்ளி என்பதை மறைக்கவில்லை. அதனால்தான் அந்தக் கதைகளைப் படிப்போர் சுள்ளியையும் அறிவார்கள். நம் கண்காட்சி அட்டைகளிலோ வடிவமைத்தவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். கற்றுத் தந்தவர் 'உள்ளூர்ப் பாட்டி ஒருவர்' ஆகிவிடுவார். பெயரைப் போடலாமா என்று அவரையே கேளுங்கள். சிலர் தம் பெயரைவிட மந்தின் பெயரையே விரும்புவார்கள்.

புவிசார் குறியீட்டைச் சாக்காகச் சொல்வது

தோடர் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை உரிமையில்லாதவர் பயன்படுத்துவதைத்தான் அது தடுக்கிறது. பெயரைச் சொல்லாமல் உருவை மட்டும் எடுத்துக்கொண்டால் குற்றமில்லை என்று வாதிடுவோர், நன்றியைப் பற்றிப் பேச வேண்டாம்.

பொன்னாடையோடு முடித்துக்கொள்வது

பொன்னாடை கூலி ஆகாது.

காசைப் பேசக் கூச்சப்படுவது

குருவிடம் பணம் பேசலாமா என்று தயங்குவோர் பலர். அந்தத் தயக்கத்தால் நட்டப்படுபவர் குருதான். கற்கும் நாளுக்கு இவ்வளவு, விற்கும் துணிக்கு இவ்வளவு என்று முதல் நாளே பேசி, அன்றன்றே கொடுத்துவிடுங்கள். கோவையிலோ சென்னையிலோ வகுப்பு நடத்த அவர் சம்மதித்தால், முடிந்தவரை அவரையே ஆசிரியராக அழைத்துச் சென்று, வழிச்செலவையும் வகுப்புக் கட்டணத்தையும் அவர் கையில் கொடுங்கள். அவர் காலத்துக்குப் பிறகும் அந்த உருக்களை விற்கப்போகிறீர்கள் என்றால், பங்கு யாருக்குப் போக வேண்டும் என்பதை அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.